உட்கார வைக்காதீர்கள், உட்காரட்டும்: ஐந்து முதல் எட்டு மாதம் வரை

"ஆறு மாதம் முடிஞ்சிடுச்சு, இன்னும் உட்காரலை." குழந்தைகளுக்கான பிசியோதெரபி வேலையில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். சொல்லும் அம்மா சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். சொந்தத்தில் அதே வயதுக் குழந்தை ஒன்று சுற்றிலும் தலையணை அடுக்கி உட்கார வைக்கப்பட்டிருக்கும் படம் அவர் போனில் வந்திருக்கும். நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "ஒரு நாளில் எவ்வளவு நேரம் குழந்தை தரையில் இருக்கிறது?" பெரும்பாலும் பதில் வராது. மடி, தோள், தொட்டில், சாய்வு நாற்காலி, கார் சீட் என்று நாள் ஓடிவிடும். தரைக்கு மட்டும் நேரம் இருக்காது.

இந்த நான்கு மாதங்களில் குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி தரையைத் தயார் செய்து, அதில் விட்டு, பக்கத்தில் இருப்பது. தானாக வர முடியாத நிலையில் அதைக் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பது அடுத்தது.

முதலில் வயதுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் ஒரு அளவீட்டை வெளியிட்டது. அதன்படி பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2லிருந்து 13.5 மாதம் வரை. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் அப்படித் தவழாமலே எழுந்து நின்றுவிட்டன. இவ்வளவு அகலமான வாசலில் உங்கள் குழந்தை எந்த இடத்தில் நுழைகிறது என்பதைப் பக்கத்து வீட்டுக் குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு வயது வரை இந்தக் கணக்குதான் சரி.

தரையைத் தயார் செய்வது

மெத்தை வேண்டாம். மெத்தையில் கை அமுங்கும், முட்டி புதையும், குழந்தை தள்ளும் பலமெல்லாம் பஞ்சுக்குள் போய்விடும். கட்டிலோ, உருளத் தொடங்கிய குழந்தைக்கு ஆபத்தான இடம். தரையில் கெட்டியான பாய், அல்லது நழுவாத விரிப்பு. குழந்தை இரண்டு முறை உருண்டாலும் வெளியே போகாத அகலம். கால் வெறுமையாக இருக்கட்டும், முடிந்தால் முட்டியும். சாக்ஸ் போட்ட கால் வழுக்கும். தரையைத் தள்ளி உடம்பு எப்படி நகர்கிறது என்பதைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதே அந்த வெறுங்காலின் தோல்தான்.

அப்புறம் நீங்களே ஒருமுறை அங்கே குப்புறப் படுத்துப் பாருங்கள். இதைச் செய்யச் சொன்னால் பலர் தயங்குவார்கள், ஆனால் வேறு எந்த வழியிலும் தெரியாதவை அப்போதுதான் கண்ணில் படும்: சோபாவுக்கு அடியில் கிடக்கும் நாணயம், தொங்கும் சார்ஜர் வயர், மேஜைத் துணியின் நுனி. கழிப்பறைத் தாள் சுற்றி வரும் அட்டைக்குழாய் ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழையும் எந்தப் பொருளும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொத்துவிடும் அளவுக்குக் காயப்படுத்தக்கூடியது அது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

பொம்மை மூன்று போதும். சத்தம் வரும் ஒன்று, எளிதாகப் பிடிக்கக்கூடிய ஒன்று, உருளும் ஒன்று. மரக்கரண்டி, பெரிய டப்பா மூடி, சின்னத் துணி என எதுவானாலும் சரி. பட்டனை அமுக்கினால் பாடும் பொம்மைகளைவிட இவற்றை நான் விரும்புவதற்குக் காரணம், இவை குழந்தை ஏதாவது செய்தால்தான் எதையாவது திருப்பித் தரும்.

தூங்கி எழுந்து, டயப்பர் மாற்றி, பால் குடித்துக் கொஞ்ச நேரம் ஆனபின் தரையில் விடுங்கள். வயிறு நிறைந்த கையோடு குப்புறப் போட்டால் கக்கும், அழும், பிறகு தரை என்றாலே பிடிக்காது. ஒரு வயதுக்குள் விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுத்து விளையாடுவது நாள் முழுவதும் சேர்த்துக் குறைந்தது 30 நிமிடமாவது இருக்க வேண்டும், எந்த நாற்காலியிலும் வண்டியிலும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. 30 நிமிடத்தை ஒரே தடவையில் முடிக்க முயலாதீர்கள். ஐந்து ஐந்து நிமிடமாக ஆரம்பித்தால் போதும்.

காத்திருப்பது

ஐந்தரை மாதக் குழந்தை ஒன்று குப்புறப் படுத்திருக்கிறது. டப்பா மூடி அதன் வலது கைக்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் கிடக்கிறது. குழந்தை பார்க்கிறது. வலது கையை நீட்டுகிறது, எட்டவில்லை. கை நீண்டதும் எடை முழுவதும் இடது முழங்கைக்குப் போகிறது, உடம்பு லேசாக ஆடுகிறது. கையை இழுத்துக்கொள்கிறது. முகம் சிவக்கிறது, "ம்ம்ம்" என்று ஒரு முனகல். இந்த இடத்தில்தான் பெரியவர் கை நீண்டு மூடியை நகர்த்தி வைத்துவிடும். வைக்காதீர்கள். பத்து நொடி பொறுங்கள். குழந்தை இரண்டு கைகளையும் தரையில் அழுத்துகிறது, நெஞ்சு மேலே வருகிறது, வயிறு மட்டும் பாயில் ஒட்டியிருக்க உடம்பு ஒரு அங்குலம் வட்டமாகத் திரும்புகிறது. இன்னொரு அங்குலம். இப்போது மூடி நேர் எதிரே. விரல்கள் அதன் விளிம்பில் படுகின்றன, மூடி சறுக்கி இன்னும் தள்ளிப் போகிறது. குழந்தை மூச்சுவிட்டுத் தலையைத் தரையில் வைத்து ஓய்வெடுக்கிறது. மறுபடி தலை தூக்குகிறது.

மூடி கிடைக்காவிட்டாலும் அந்த இரண்டு நிமிடம் வீணாகவில்லை. ஒரு கையில் எடையைத் தாங்கி இன்னொரு கையை விடுவிப்பது, எடையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றுவது, முதுகையும் வயிற்றையும் ஒருசேர இறுக்குவது எல்லாம் அதற்குள் நடந்துவிட்டது. நாளைக்கு உட்காரவும் தவழவும் தேவைப்படுவது இவைதான்.

முனகலையும் அழுகையையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். முனகல் வேலை செய்கிற சத்தம், கண் இன்னும் பொருளின் மேலேயே இருக்கும். அழுகை வந்தால் கண் உங்களைத் தேடும். அப்போது பேசுங்கள், தொடுங்கள், தேவைப்பட்டால் தூக்குங்கள். அழ அழத் தரையில் விடச் சொல்லவில்லை.

புரளும்போது ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டு குழந்தை திணறுவது இந்த வயதில் அன்றாடம் நடக்கும். மேல் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அடியில் மாட்டிய கை இருக்கும் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே உங்கள் உள்ளங்கையை வைத்து லேசாகத் தூக்குங்கள். எடை அந்தப் பக்கமிருந்து விலகியதும் குழந்தை தானே கையை உருவிக்கொள்ளும். எந்த உதவியையும் இடுப்பிலிருந்து கொடுத்தால் மீதி உடம்பு வேலை செய்யும். கையிலிருந்து கொடுத்தால் குழந்தைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது.

புரள முயற்சி தொடங்கிய அன்றே துணியில் இறுக்கிச் சுற்றித் தூங்க வைப்பதை நிறுத்திவிடுங்கள். தூங்கப் போடும்போது ஒரு வயது வரை மல்லாக்கத்தான், கெட்டியான படுக்கையில், தலையணையும் போர்வைக் குவியலும் இல்லாமல். இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் இரவெல்லாம் எழுந்து திருப்பிப் போட வேண்டியதில்லை.

உட்காருவது

உட்காருவதற்கு முதுகு பலம் மட்டும் போதாது. சாயும்போது கை தானாக ஓடிவந்து தரையில் ஊன்ற வேண்டும். முதலில் முன்பக்கம் ஊன்றும், அதனால்தான் ஆறு மாதக் குழந்தை இரண்டு கையையும் முன்னால் வைத்துத் தவளை மாதிரி உட்காரும். அடுத்தது பக்கவாட்டில். பின்பக்கம் ஊன்றுவது கடைசியாக, ஒன்பது பத்து மாதத்தை ஒட்டி வரும். அதுவரை பின்னால் சாய்ந்தால் தலைதான் அடிபடும். தலையணைக்கு நடுவே நிறுத்திவைத்த குழந்தைக்கு விழவே வாய்ப்பில்லை, ஆகவே கை ஊன்றவும் வாய்ப்பில்லை. பொம்மை கையிலிருந்து நழுவினால் எடுக்கக்கூட முடியாமல், யாராவது வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். ஒன்பதரை மாதக் குழந்தைகளை ஒரு மேடையின் விளிம்பில் உட்கார வைத்து, இடைவெளிக்கு அப்பால் பொம்மையைக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு உட்கார்ந்து நல்ல பழக்கம். எட்டும் தூரம் எது, எட்டாத தூரம் எது என்று கச்சிதமாகக் கணித்தன. அதே குழந்தைகளை அதே விளிம்பில் தவழும் நிலையில் விட்டபோது, அகலமான இடைவெளிக்குள்ளும் நேராகப் போய் விழப் பார்த்தன. பக்கத்தில் நின்றவர் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து கற்ற எச்சரிக்கை தவழும்போது கூட வரவில்லை. ஒவ்வொரு நிலையையும் உடம்பு முதலிலிருந்து கற்கிறது. "இதுக்குத்தான் விளிம்பு தெரியுமே" என்று நினைத்து, புதிதாகத் தவழும் குழந்தையைக் கட்டிலில் தனியாக விட்டுப் போகாதீர்கள்.

அப்படியானால் உட்காரவே வைக்கக் கூடாதா? மடியில் சாய்த்துக்கொண்டு வேடிக்கை காட்டுங்கள், இடுப்பில் தூக்கிக்கொண்டு நடங்கள், சாப்பிடும்போது முதுகுக்குத் தாங்கலோடு நேராக உட்கார வையுங்கள். அதெல்லாம் நல்லதுதான். கைகளை மட்டும் ஊன்றி நான்கைந்து நொடி உட்காரத் தொடங்கிவிட்டதென்றால், உங்கள் நீட்டிய கால்களுக்கு நடுவே உட்கார வைத்துப் பொம்மையைப் பக்கவாட்டில் வையுங்கள். சாயட்டும். கை ஊன்றட்டும். கைகளைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கும் விளையாட்டைவிட இது பல மடங்கு உதவும்.

வாக்கர் வண்டி வாங்கவே வேண்டாம், யாராவது பரிசாகக் கொடுத்தாலும் பயன்படுத்த வேண்டாம். நடையை அது வேகப்படுத்தாது, படிக்கட்டையும் அடுப்பையும் மட்டும் பக்கத்தில் கொண்டுவரும். கனடாவில் 2004இலிருந்து அதை விற்பதே சட்டவிரோதம்.

கையும் கண்ணும்

ஐந்து மாதத்தில் குழந்தை பொருளை முழுக் கையாலும் வாரி எடுக்கும். ஆறு ஏழு மாதத்தில் கைமாற்றும். இதைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு கையில் கட்டை இருக்கும்போது இன்னொரு கட்டையை நீட்டுங்கள். ஐந்து மாதக் குழந்தை முதல் கட்டையைப் போட்டுவிட்டுப் புதியதை எடுக்கும். ஏழு மாதக் குழந்தை இரண்டையும் வைத்துக்கொள்ளும், சில நாளில் ஒன்றோடொன்று தட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சின்னப் பொருளைப் பொறுக்குவது ஒன்பது மாதத்தை ஒட்டித்தான்.

எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது என்று கவலைப்படுவார்கள். இந்த வயதில் உதடும் நாக்கும் விரலைவிட நுணுக்கமாக உணரும். கழுவிய, பெரிய, கூர்மையில்லாத பொருளைக் கையில் கொடுத்துவிட்டு வாய்க்குப் போக விடுங்கள்.

பொம்மையைத் துணியால் பாதி மூடிப் பாருங்கள். ஆறு மாதக் குழந்தை இழுத்து எடுத்துவிடும். முழுவதும் மூடினால் அதே குழந்தை கையை எடுத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கும். எட்டு ஒன்பது மாதத்தில் துணியை விலக்கித் தேடும். முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டுக்கு இந்த வயதில் இவ்வளவு சிரிப்பு வருவதும் இதே வளர்ச்சியோடு சேர்ந்ததுதான்.

பேச்சு

"ஆ", "ஊ" என்றிருந்த சத்தம் இந்த மாதங்களில் "பபப", "மமம", "ததத" என்று மாறும். நீங்கள் செய்ய வேண்டியது எளிது: முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் பேசுங்கள், பிறகு நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் முக்கியம். ஐந்து ஆறு நொடி காத்திருந்தால் குழந்தை தன் முறையை எடுத்துக்கொள்ளும். அது சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். குழந்தை பேசி நீங்கள் பேசி என்று இப்படி மாறி மாறிப் போவதுதான் உரையாடலின் முதல் பாடம்.

கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்துக் கேட்டன. பத்து பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. காது தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்குத் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. அதனால் வீட்டில் எந்த மொழி உங்களுக்குச் சரளமாக வருகிறதோ அதிலேயே தாராளமாகப் பேசுங்கள். இரண்டு மொழி என்றால் இரண்டும் பேசுங்கள்.

போனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா இரண்டு மூன்று நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் வெறும் முகத்தோடு இருந்தால் குழந்தை என்ன செய்கிறது என்று 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் பார்த்தார். குழந்தை சிரித்துப் பார்க்கும், சத்தம் போடும், கை நீட்டும், ஒன்றும் பலிக்காமல் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திரையைப் பார்க்கும் நம் முகமும் கிட்டத்தட்ட அந்த வெறும் முகம்தான். தரையில் விடும் அந்த ஐந்து நிமிடமாவது போன் வேறு அறையில் இருக்கட்டும். குழந்தைக்குத் திரை, ஒரு வயதுக்குள் தேவையே இல்லை.

சாப்பாடு

ஆறு மாதம் முடிந்ததும் ஆரம்பிக்கலாம். தலை ஆடாமல் நிற்க வேண்டும், தாங்கலோடு உட்கார வேண்டும், கரண்டி வந்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் வாயைத் திறக்க வேண்டும். பிறக்கும்போது உடம்பில் சேமித்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து இந்தச் சமயத்தில் தீர்ந்துகொண்டிருக்கும், எனவே இரும்பு உள்ள உணவு முதலிலேயே வேண்டும்: பருப்பு, முட்டை, இறைச்சி, இரும்புச்சத்து சேர்த்த தானியம். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பால்தான் இன்னும் பிரதான உணவு. உப்பும் சர்க்கரையும் சேர்க்காதீர்கள். தேன் ஒரு வயது வரை ஒரு துளிகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

ஓங்கரிப்பதற்கும் தொண்டை அடைப்பதற்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டு கரண்டியை எடுங்கள். ஓங்கரித்தால் சத்தம் வரும், முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், குழந்தையே சமாளித்துவிடும். அடைத்தால் சத்தம் வராது, இருமலும் வராது, உதடு நீலமாகும். அப்போது தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. போகாவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை இவற்றை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். குழந்தை சுயநினைவு இழந்தால் முதலுதவி முறையே வேறு. இதை எழுத்தில் படித்தால் மட்டும் போதாது, முதலுதவி தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

வேற்றுமுகம்

யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை ஏழு எட்டு மாதத்தில் திடீரென்று வேற்றுமுகம் பார்த்து அழும். குணம் கெட்டுவிட்டது என்றோ ரொம்பச் செல்லம் என்றோ சொல்வார்கள். நம்மவர் யார், அடுத்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். வருபவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள், குழந்தையை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அது தானாக எட்டிப் பார்க்கும்வரை யாரும் கை நீட்ட வேண்டாம். நீங்கள் வெளியே போகும்போது நைசாக நழுவாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். அழுதாலும் அதுதான் நல்லது. நன்றாகத் தூங்கிய குழந்தை இதே மாதங்களில் இரவில் எழுவதும் சகஜம். புதிதாகக் கற்ற வித்தையை நடு இரவில் செய்து பார்க்கும், அப்புறம் திரும்பப் படுக்கத் தெரியாமல் அழும். பகலில் தரையில் அதே வித்தைக்கு நிறைய நேரம் கொடுங்கள்.

எப்போது காட்ட வேண்டும்

வாசல் அகலம் என்றேன், ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு வயதுக்கு முன்பே எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தி, மறு கையை முஷ்டியாக மூடியே வைத்திருப்பது. கால்கள் விறைத்துக் கத்தரி போலக் குறுக்கே போவது, அல்லது தூக்கினால் உடம்பு துவண்டு கையிலிருந்து நழுவுவது. ஐந்து மாதம் ஆகியும் தலை நிற்காதது, ஆறு மாதத்தில் எதையும் எட்டிப் பிடிக்க முயலாதது, சத்தத்துக்குத் திரும்பாதது, முகம் பார்த்துச் சிரிக்காதது. ஒன்பது மாதம் தாண்டியும் தானாக உட்காராதது. பத்து மாதத்தில் "பபப" போன்ற சத்தம் வரவே இல்லையென்றால் காதைப் பரிசோதிக்க வேண்டும், பிறந்தபோது செய்த பரிசோதனை சரியாக இருந்தாலும்கூட. இவை எல்லாவற்றையும்விட, நேற்றுவரை செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்யாமல் விட்டுவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். தலை முன்னால் கவிழ்ந்து கை கால் சுண்டும் சின்னச் சின்ன உலுக்கல் தொடர் தொடராக வந்தால் அன்றே போங்கள். வலிப்பின் ஒரு வகை இந்த வயதில் அப்படித்தான் வரும்.

போகும்போது வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் அறையில் குழந்தை அழும் அல்லது தூங்கும், வீட்டில் செய்வதைச் செய்யாது. போனைத் தரை மட்டத்தில் வைத்து, பக்கவாட்டிலிருந்து, குப்புறப் படுத்திருக்கும்போது ஒன்று, மல்லாக்க இருக்கும்போது ஒன்று, உட்கார முடிந்தால் உட்காரும்போது ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும். வெறுங்கால், முட்டி தெரியும் உடை. பொம்மையை ஒருமுறை இடது பக்கமும் ஒருமுறை வலது பக்கமும் வையுங்கள், இரண்டு கையையும் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து பேசவோ பாடவோ வேண்டாம், கடைசி அரை நிமிடம் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்புகிறதா என்பதும் பதிவாகட்டும்.